ஸ்டட் போனாலும் ஹெட் பிழைக்கட்டும்: இஎக்ஸ்5 எக்ஸோஸ் மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டு ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாரின் சைலன்சர் அடிப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டையாகிவிட்டது. ஜெலுத்தோங் சந்தைக்கு காலையில் கிளம்பினால் தெருவே எழுந்துகொள்ளும். புதிய எக்ஸோஸ், அதாவது புகைக்குழாயும் சைலன்சரும், மாட்டுவது அரை மணி நேர வேலைதான், பழையது ஒழுங்காகக் கழன்று வந்தால். இங்கே எழுதப்போவது பெரும்பாலும் அந்தக் கழற்றும் வேலையைப் பற்றி.

பினாங்கில் மோட்டார் துருப்பிடிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. வேலைக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த் போக எனக்கு இருக்கும் வழிகள் இரண்டும் கடல்மேல்தான். ஒன்று பெர்ரி. 2023-இல் வந்த புதிய படகுகளில் கார் ஏறுவதில்லை, மோட்டாரும் ஆட்களும் மட்டுமே. இன்னொன்று பாலம். 2019 ஜனவரியிலிருந்து மோட்டாருக்கு டோல் கிடையாது, ஆனால் 13.5 கிலோமீட்டரில் பெரும்பகுதி உப்புக்காற்று. அதற்கு மேல் நம் ஊர் மழை. இஎக்ஸ்5 மாதிரியான கப்சாய் எனும் சின்ன மோட்டார்களில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருப்பதால், எக்ஸோஸ் துவாரம் ஹெட்டின் (சிலிண்டரின் அலுமினியத் தலைப்பகுதி) அடியில், தரையைப் பார்த்தபடி இருக்கும். முன்சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் நேராக அங்கேதான் போய் விழும்.

சைலன்சர் உள்ளிருந்தும் அரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். நீண்ட தூரம் ஓட்டினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி அது வெளியேறிவிடும். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய் வருகிற வண்டியில் அது உள்ளேயே குளிர்ந்து தங்கும். அதனால்தான் தினமும் நீண்ட தூரம் ஓடுகிற வண்டியின் சைலன்சரைவிட, வீட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிற வண்டியின் சைலன்சர் சீக்கிரம் போகிறது.

சரி, கழற்றும் கதைக்கு வருகிறேன்.

காலை மறைக்கும் லெக் ஷீல்டைக் கழற்றிவிட்டு, டார்ச் லைட்டோடு கீழே படுத்துப் பார்த்தேன். எக்ஸோஸ் குழாயின் தலைப்பில் ஒரு பிளேஞ்ச், அதாவது துளையிட்ட தட்டு. அதை ஹெட்டோடு பிடித்திருப்பவை இரண்டு 6 மில்லி ஸ்டட்டுகள், அதாவது தலையில்லாத மரைத்தண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூடிய நட்டு, அதாவது முனை குமிழாக அடைபட்ட தொப்பி நட்டு. பின்பக்கம் சைலன்சர் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் 8 மில்லி போல்ட்டு. மொத்தமே இவ்வளவுதான். ஆனால் மரை இறுகும் இடம் மூன்று, மூன்றும் மூன்று விதமான சிக்கல்.

பின் போல்ட்டில் இரும்போடு இரும்பு. அது சாதாரண சிவப்புத் துரு. நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையிலும் அதே இரும்புத் துருதான், ஆனால் சூட்டில் சுட்டுச் சுட்டு இறுகியது. ஸ்டட் ஹெட்டுக்குள் இறங்கும் இடம்தான் வேறு மாதிரி: இரும்பு ஸ்டட், அலுமினிய ஹெட், நடுவே உப்புத்தண்ணீர். இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புத்தண்ணீர் இருந்தால் சின்ன மின்கலம் ஒன்று தானாகவே உருவாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். கரைந்து உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் ஏது இடம்? அதனால் ஸ்டட்டை எல்லாப் பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது.

ஸ்பானரைத் தொடும் முன்பே எது போனால் பரவாயில்லை, எது போகக்கூடாது என்று முடிவு செய்துகொள்வது என் வழக்கம். பழைய எக்ஸோஸ் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. நட்டு சில்லறைக் காசு. ஸ்டட்டும் அப்படியே. 1950களின் இறுதியிலேயே பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டாவைக் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. இஎக்ஸ்5 சாமான் கிடைக்காத ஸ்பேர் பார்ட்ஸ் கடை இங்கே இல்லை. விலை கொடுத்து வாங்க வேண்டியதும், எஞ்சினைப் பிரித்தால்தான் மாற்ற முடிவதும் ஹெட் ஒன்றுதான். ஆகவே வெட்டுவதோ உடைப்பதோ எக்ஸோஸிலும் நட்டிலும் நடக்கட்டும், ஹெட்டின் மரைக்குள் மட்டும் எதுவும் நடக்கக்கூடாது. நிறைய பேர் குப்பைக்குப் போகும் குழாயை முழுசாகக் கழற்றப் பார்த்து, கடைசியில் ஹெட்டைக் கெடுத்துவிடுகிறார்கள்.

முதல் வேலை எண்ணெய். டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கும், ஆனால் அதன் பிறவிக் குணம் ஈரத்தை விரட்டுவது. துருவுக்குள் ஊடுருவ அதற்கென்றே விற்கும் எண்ணெய் நல்லது. கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலக்கும் பழக்கமும் பட்டறைகளில் உண்டு. இரண்டும் சரியாகக் கலக்காது, அடிக்கும்போதெல்லாம் குலுக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் என்பதால், பிறகு கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கும் எண்ணம் இருந்தால் அதைத் தவிர்ப்பதே நல்லது. நான் தவிர்த்தேன்.

எங்கே அடிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டட் இரண்டும் தலைகீழாகத் தொங்குவதால், தொப்பி நட்டு அடியில் ஒரு கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்கில் மழைத்தண்ணீர் ஸ்டட் வழியாக வழிந்து அந்தக் கிண்ணத்தில்தான் சேர்ந்திருக்கிறது. கீழே படுத்துக்கொண்டு நட்டின்மேல் எண்ணெய் அடித்தால் குமிழில் பட்டு நம் முகத்தில்தான் சொட்டும். மரைக்கு ஒரு சொட்டும் போகாது. பிளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஸ்டட் தெரியும் சின்ன இடைவெளி இருக்கிறது. ஸ்ப்ரே குழலை அங்கே நுழைத்து மேலிருந்து அடித்தால், தண்ணீர் வந்த வழியாகவே எண்ணெயும் இறங்கும். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது அடித்துவிட்டு ஆறவிட்டால் இன்னும் நன்றாக உள்ளே இழுக்கும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அடித்து, இரவு முழுக்க விட்டு, சில நாள் அப்படியே தொடர்ந்தேன். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சூடும் குளிருமாக மாறி மாறி வருவது மரையை அசைத்துக் கொடுக்கும் என்பதால் அது உதவிதான்.

ஹெட்டுக்குள் இருக்கும் மரைக்கு எண்ணெய் மேல்நோக்கி ஏற வேண்டும். கொஞ்சம் ஏறும், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. அங்கே சூடுதான் மருந்து.

கழற்றும் நாளில் எதையும் முழுதாகக் கழற்றும் முன் எல்லாவற்றையும் லேசாக அசைத்துப் பார்த்துவிட வேண்டும். பின் போல்ட்டை முதலில் உருவினால் சைலன்சரின் கனம் முழுதும் முன்னால் உள்ள இரண்டு ஸ்டட்டில் தொங்கி அவற்றை வளைக்கும். வளைந்த ஸ்டட்டில் நட்டு எப்படி நகரும்? அதனால் பின்னால் பிடிப்பு இருக்கும்போதே முன் நட்டுகளோடு மல்லுக்கு நின்றேன்.

நட்டுக்கு 10 சாக்கெட். ஆறு மூலை சாக்கெட்தான் வேண்டும், பன்னிரண்டு மூலை வேண்டாம். துருவில் மூலை மழுங்கிய நட்டில் அது வழுக்கி மிச்ச மூலையையும் தின்றுவிடும். என் நட்டுகள் துருவில் இளைத்து 10 சாக்கெட்டில் ஆடின. இங்கேதான் பழைய அங்குல அளவு சாக்கெட் கைகொடுக்கும். எட்டில் மூன்று (3/8) அங்குலம் என்றால் 9.5 மில்லிக்குச் சற்று மேல். இளைத்த 10 நட்டின்மேல் அதை வைத்துச் சுத்தியால் தட்டி ஏற்றினால் இறுக்கமாகக் கவ்வும். என்னிடம் உள்ளது ஞாயிற்றுக்கிழமை காலை லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் பரப்பி வைத்திருந்தவரிடம் வாங்கியது. அடி வாங்கி அடி வாங்கித் தேய்ந்தாலும் கவலை இல்லை. தட்டி ஏற்றும் அதிர்ச்சியே துருவைக் கொஞ்சம் உடைத்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு, பிறகு கழற்றும் பக்கம். இப்படி முன்னும் பின்னும். வலப்பக்க நட்டு "டக்" என்று விட்டது. நட்டு மட்டும் வரவில்லை, ஸ்டட்டையும் சேர்த்துக்கொண்டு ஹெட்டிலிருந்தே கழன்று வந்தது. சிலர் இதைப் பார்த்துப் பதறுவார்கள். எனக்கு இதைவிட நல்ல முடிவு வேண்டாம். எப்படியும் புது ஸ்டட்தான் போடப்போகிறேன்.

இடப்பக்கம் அப்படி இல்லை. கைப்பிடி நகர்ந்தது, ஆனால் விடுபடும் உணர்வே இல்லை. ரப்பரைத் திருகுவது போல, விட்டால் திரும்பி வருகிறது. எதிர்வீட்டு அண்ணன், பிறை பக்கம் பட்டறையில் வெல்டராக இருப்பவர், காப்பியோடு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நிறுத்து. அது சுத்தல, முறுகுது."

"தெரியுதுண்ணே, அதான் கைய எடுத்துட்டேன்."

"நட்டு கழுத்துல ஸ்டட்டு எவ்வளவு இளைச்சிருக்குன்னு பாத்தியா? இன்னொரு இழு இழுத்தா போயிடும். குழாய வெட்டி எறி முதல்ல. இடம் கிடைக்கட்டும்."

அதைத்தான் செய்தோம். பிளேஞ்சிலிருந்து நான்கு விரல் தள்ளி எக்ஸோஸ் குழாயைக் கிரைண்டரால் வெட்டினோம். பின் போல்ட்டின் தலையையும் கையோடு அறுத்துவிட்டார் அண்ணன். சைலன்சர் தொப்பென்று தரையில் விழுந்தது; மிச்சம் நின்ற போல்ட்டுத் தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகியதும் வந்துவிட்டது. தலை போய்விட்டால் போல்ட்டின் இழுவிசை போய்விடும், பாதி இறுக்கம் அதுதான். பின் போல்ட்டைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

இடப்பக்க நட்டின் குமிழை ஹேக்ஸா பிளேடால் சீவி முனையைத் திறந்தோம். உள்ளே ஸ்டட்டின் நுனியும் அதைச் சுற்றிக் காவி நிறத்தில் இறுகிப்போன மண்ணுமாக இருந்தது. தொப்பி நட்டு மரையைக் காக்கும் என்றுதான் போடுகிறார்கள். தலைகீழாகத் தொங்கும் இடத்தில் அது தண்ணீரைத்தான் காத்து வைத்திருந்தது.

அடுத்து சூடு. இஎக்ஸ்5-இல் பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில், ஹெட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆனாலும் கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் பக்கத்தில்தான். டாங்கியைக் காலி செய்து, கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டு, அடித்திருந்த எண்ணெயையெல்லாம் துணியால் துடைத்தோம். பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்கக்கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் நச்சுவாயு கிளம்பும்.

சூடாக்க வேண்டியது ஸ்டட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தை. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 6 மில்லி துளையை 150 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்குதான். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் வெள்ளைப் பொடியின் பிடி உடைய அது போதும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. ஹெட்டின் அலுமினியக் கலவை நிறம் மாறாமலேயே இருந்து 600 டிகிரிக்கு முன்பே உருகத் தொடங்கிவிடும். அதனால் கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டினோம். இடையிடையே மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் அடியில் தொட்டுப் பார்ப்பேன். தொட்டவுடன் உருகி மரைக்குள் இழுத்துக்கொண்டால் சூடு போதும், அந்த மெழுகே உள்ளே வழுக்கலும் கொடுக்கும்.

இவ்வளவு செய்தும் நட்டு அசைந்த நொடியில் ஸ்டட் அந்த இளைத்த கழுத்தில் முறிந்தது. துரு தின்ற இடத்தில் பாதி இரும்புகூட மிச்சமில்லை, அது எந்த முறையிலும் தாங்கியிருக்காது. பிளேஞ்சைக் கழற்றிப் பார்த்தால் ஹெட்டுக்கு வெளியே ஒரு நகத்தளவு தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நகத்தளவு பெரிய சொத்து.

நான் டூல்பாக்ஸிலிருந்து ஈஸி அவுட் செட்டை எடுப்பதைப் பார்த்து அண்ணன் சிரித்தார். பேருக்கு வாங்கி வைத்திருக்கும் சாமான் அது, எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை இல்லை. உடைந்த ஸ்டட்டின் நடுவே துளைபோட்டு இடப்பக்க மரையுள்ள அந்த ஊசியை இறக்கித் திருகினால் வரும் என்பது கணக்கு. பெரிய போல்ட்டுகளில் வரவும் செய்யும். 6 மில்லி ஸ்டட்டுக்குள் போகும் ஈஸி அவுட் தீக்குச்சி பருமன்தான். ஸ்டட்டே தாங்காத முறுக்கை அது எங்கே தாங்கும்? அது உள்ளே உடைந்தால் கதை முடிந்தது. மிகக் கடினமான எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட்டு அதன்மேல் வழுக்கும். கார்பைடு பிட்டோ, மின்பொறியால் அரித்தெடுக்கும் மிஷின் உள்ள பட்டறையோ தேட வேண்டியதுதான்.

அண்ணனின் வழி வெல்டிங். தலைகீழாகப் படுத்து வெல்ட் பண்ண முடியாது என்று பேட்டரியைக் கழற்றி, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியையும் பிடுங்கி வைத்துவிட்டு, மோட்டாரை இடப்பக்கமாகப் பழைய மெத்தையில் சாய்த்தோம். இதற்கு முன்பே பெட்ரோலை வடித்திருந்தது வசதியாகிவிட்டது. துவாரத்துக்குள் பொறி போகாதபடி ஈரத்துணி அடைத்தோம். எர்த் கிளிப்பை எஞ்சின் உடம்பிலேயே மாட்டச் சொன்னார். சேஸில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகச் சுற்றிப்போய் அதைக் கெடுக்கும்.

நீட்டியிருந்த தண்டின்மேல் ஒரு 8 மில்லி நட்டைக் கவிழ்த்தார். துத்தநாக முலாம் பூசிய பளபள நட்டு வேண்டாம் என்று கறுப்பு நட்டாகத் தேடினார். முலாம் எரிந்தால் வெள்ளைப் புகை, அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சல். பிறகு 2 மில்லி குச்சியால் நட்டின் ஓட்டைக்குள் அடியிலிருந்து மேலாக நிரப்பினார். உருகிய இரும்பு பக்கத்து அலுமினியத்தில் ஒட்டாது. சிதறினாலும் சுரண்டினால் வந்துவிடும். இந்த முறையின் அழகு அதில்தான் இருக்கிறது: ஒரே வேலையில் ஸ்டட்டுக்குப் புதுத் தலையும் கிடைக்கிறது, அதன் நெஞ்சு வரைக்கும் சூடும் ஏறுகிறது. சூட்டில் ஸ்டட் விரியப் பார்க்கும், துளை விடாது, ஆறும்போது சுருங்கிப் பிடியை விட்டுவிடும்.

சிவப்பு மங்கிக் கறுப்பானதும் 13 ஸ்பானரைப் போட்டு, இறுக்கும் பக்கம் ஒரு துளி, கழற்றும் பக்கம் ஒரு துளி. கீச்சென்று ஒரு சத்தம். அதைக் கேட்டாலே வேலை முடிந்தது என்று தெரியும். வெள்ளைப் பொடி உதிர உதிர ஸ்டட் முழுசாக வந்தது.

ஸ்டட் ஹெட்டோடு ஒட்ட முறிந்திருந்தால் வெல்டிங்குக்குப் பிடி இருந்திருக்காது. அப்போது நேர் நடுவில் புள்ளி குத்தி, சின்ன பிட்டில் தொடங்கி, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டு கிடைத்தால் அதில் துளைக்க வேண்டும். துளைக்கும் சூட்டிலும் இழுப்பிலும் அதுவே சில நேரம் கழன்று வரும். வராவிட்டால் 5 மில்லி வரை அகலப்படுத்தி மிச்ச மரையைச் சுரண்டியெடுக்கலாம். பிட்டு நடுவிலிருந்து விலகி அலுமினியத்தைத் தின்றுவிட்டால் புது மரையாக நிற்கும் ஹெலிகாயில் கம்பிச்சுருளைச் செருகுவதுதான் வழி. அது வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு செய்யும் வேலை இல்லை. ஹெட்டைக் கழற்றி மேஜை டிரில் உள்ள கடைக்குக் கொண்டுபோவது மேல்.

இரண்டு துளையையும் 6 மில்லி, 1.0 பிட்ச் மரை வெட்டும் டேப்பைக் கையால் மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்தேன். பாதிச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. அப்புறம் துவாரத்துக்குள் விரலை விட்டு, கசிவை அடைக்கும் பழைய செம்பு வளையம், அதாவது கேஸ்கெட், இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கரிபிடித்து நசுங்கிய கேஸ்கெட் ஹெட்டின் ஒரு பகுதி மாதிரியே தெரியும். அதன்மேலேயே புது கேஸ்கெட்டை வைத்து மாட்டிவிட்டு, "புது எக்ஸோஸ், ஆனாலும் புஸ்ஸுன்னு காத்து போகுது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. என்னுடையதை முனை வளைத்த ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன்.

புது ஸ்டட் எந்த உலோகம் என்பதில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தவுக்கே (முதலாளி) ஸ்டெயின்லெஸைத்தான் காட்டினார். பளபளப்பாக இருக்கும், துருப்பிடிக்காது. ஆனால் ஸ்டெயின்லெஸ் அலுமினியத்தை இன்னும் வேகமாக அரிக்கத் தூண்டும். ஸ்டெயின்லெஸ் நட்டும் சேர்த்துப் போட்டால் இரண்டும் மரையிலேயே உரசி ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. நான் சாதாரண எஃகு ஸ்டட்டும் பித்தளை நட்டும் போட்டேன். பித்தளை இரும்போடு துருப்பிடித்து இறுகாது, மரை போனாலும் போவது நட்டின் மரைதான். ஹெட்டுக்குள் போகும் மரையில் மரை இறுகாமல் காக்கும், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை மெல்லிய பூச்சாக. செம்பு பசைதான் எங்கும் கிடைக்கும், சூடும் தாங்கும், ஆனால் அலுமினியத்துக்குப் பக்கத்தில் செம்பை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மாட்டும்போது எதையும் உடனே இறுக்கவில்லை. முன் நட்டு இரண்டும் கையால் திருகிய அளவில், பின் போல்ட்டு தளர்வாக, குழாய் தன் இடத்தில் தானாக உட்காரும்வரை ஆட்டிவிட்டு, முன் நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக, கடைசியில் பின் போல்ட்டு. 6 மில்லி மரைக்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும், பசை பூசிய மரைக்கு அதற்கும் சற்றுக் குறைவாக. ஓட்டையில்லாமல் அடைப்பது கேஸ்கெட் நசுங்குவதால்தான், நம் கை பலத்தால் இல்லை.

வாங்கியது சத்தம் போடாத சாதாரண எக்ஸோஸ். பந்தய வண்டி மாதிரி உறுமும் குழாய்க்கும் ஆசை வராமல் இல்லை, ஆனால் வாகனச் சத்தத்துக்கு 1987-லேயே விதிமுறை போட்ட நாடு இது. சாலைத் தடுப்பில் நின்று சம்மன் வாங்க எனக்கு நேரமில்லை. ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்துப் பார்த்தேன். முன்னால் எங்கும் சீறவில்லை.

பாலம் தாண்டிப் போய்வந்து முழுதாக ஆறிய பிறகு நட்டுகளில் ஸ்பானர் வைத்தால் இரண்டும் கால் சுற்று இறங்கின. கேஸ்கெட் நசுங்கி உட்காரும்போது அப்படித்தான். அடுத்த எஞ்சின் எண்ணெய் மாற்றும்போது நட்டை ஒரு சுற்று தளர்த்தி, கொஞ்சம் பசை தடவி, மறுபடி இறுக்கிவிடுவேன். வெல்டிங்குக்கு அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார், அவருடைய கிரிஸ் மோட்டாரில் செயின் மாற்ற வேண்டுமாம். அதிலும் பின்சக்கர அச்சு நட்டு இறுகிப்போய்த்தான் இருக்கிறது, எண்ணெய் அடித்து வைத்திருக்கிறோம்.